எனக்கென்று வைத்த கிண்ணம்

வந்துகொண்டிருக்கிறது அந்தக் கிண்ணம், நீலக் கரை போட்ட வெள்ளைப் பீங்கான், மேலே அதற்குப் பொருந்தாத ஒரு எவர்சில்வர் மூடி, மேசையின் அந்தக் கோடியிலிருந்து கைமாறிக் கைமாறி வருகிறது, யாரும் மூடியைத் திறப்பதில்லை, யாரும் தனக்கென்று ஒரு கரண்டி எடுத்துக்கொள்வதில்லை, டெல்ஃபின் வாங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், ஜோவிட் வாங்கும்போது செல்போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், கடைசியில் ரெமிஜியுஸ் அண்ணன் அதை என் முன்னால் வைத்து, மூடியை அவரே திறந்து, டாக்டருக்குன்னே எடுத்து வச்சது, சாப்டுங்க என்கிறார், ஆவி மூக்குக்கண்ணாடியில் அடிக்கிறது, ஒன்றும் தெரியவில்லை, தெரியாததும் நல்லதுதான், உள்ளே இருப்பது ஆட்டுக்குடல், மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டுக்குடல் குழம்பு. மேசை நிறைய மற்றதெல்லாம் இருக்கிறது, நெய்ச்சோறு, முந்திரி போட்ட கோழி, கட்லெட், நடுவில் பெரிய தட்டில் இரண்டு தாரா ரோஸ்ட், எங்கள் பக்கம் வாத்தைத் தாரா என்றுதான் சொல்வோம், பொன்னிறத் தோலும் மேலே வெங்காயமுமாக அது கிடக்கிற கிடப்பைப் பார்த்தாலே வாயில் நீர் ஊறும், அதெல்லாம் அவர்களுக்கு, குடல் எனக்கு. இது எந்த வருடம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, டெல்ஃபினின் தலை கறுப்பாக இருந்ததா நரைத்திருந்ததா, ஜோவிட் தன் அப்பா ரெமிஜியுஸ் மடியில் இருந்தானா, மீசை வைத்துக்கொண்டு எதிரில் இருந்தானா, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது, கிண்ணம் மட்டும் மாறவில்லை. இருபத்தெட்டு கிறிஸ்மஸ் நான் இதைத் தின்றிருக்கிறேன்.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கிற மச்சாது வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, அந்த ஊரிலேயே வேறு வீட்டில் கிடையாது என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள், இயேசு பிறந்த ராத்திரியில் மரியாளுக்கும் சூசைக்கும் சத்திரத்தில் இடமில்லை என்று கதவைச் சாத்தினார்களே, அந்தப் பாவத்தை மச்சாது வீடு செய்யாது, அதனால் பண்டிகை மத்தியானம் யாருமில்லாத ஒரு ஆளைக் கூட்டி வந்து மேசையின் தலைமாட்டுக்கு வலப்பக்கம் உட்காரவைத்து, அந்த ஆள் ஜெபம் சொன்ன பிறகுதான் வீட்டார் சோற்றில் கை வைப்பார்கள். அந்த ஆளுக்கென்று ஒரு நாற்காலி, கை வைத்தது, முதுகு உயர்ந்தது, சத்திரத்து நாற்காலி என்று அதற்குப் பெயர், மற்ற நாளில் அதன்மேல் இஸ்திரிக்குப் போகிற துணிமூட்டை கிடக்கும். நான் முதன்முதலில் அதில் உட்கார்ந்தபோது எனக்குப் பதினெட்டு வயது, பங்குக்கோயில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன், அம்மா செத்து மூன்று வருடம், அப்பா அதற்கும் முன்னாலேயே எங்கோ போய்விட்டார், விடுமுறைக்கு எல்லாப் பையன்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட, சமையல்காரரும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட, மிச்சமிருந்தது நான் ஒருவன்தான், சாமியார் என்னைப் பார்த்து, மச்சாது வீட்ல ஆளு கேட்டாவ, போயிட்டு வா, சட்டையத் தொவச்சிப் போடு என்றார். முந்தின நாளிலிருந்து இரண்டு வாழைப்பழம்தான் சாப்பிட்டிருந்தேன். அந்த மேசையில் முள்ளுக்கரண்டியும் கத்தியும் வைத்திருந்தார்கள், எதை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியவில்லை, தாரா எட்டாத தூரத்தில் இருந்தது, எழுந்து கைநீட்ட வெட்கம், ரெமிஜியுஸின் அப்பா, பெரியவர் தொம்மை, எனக்கு இடப்பக்கம் இருந்தார், அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் குடல் தின்பவர், அவருக்கென்று வைத்திருந்த நீலக் கரைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, சாப்பிடுடே என்றார், சாப்பிட்டேன், கைக்கு எட்டியது அதுதான், மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் கறி என்றாலே குடல்தான், உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு வருகிற அம்மாவுக்கு அதுதான் கட்டுப்படியாகும், பதினைந்து வயது வரைக்கும் அந்த வாடையிலேயே வளர்ந்து, படித்துப் பெரிய ஆளானால் இதை ஆயுசுக்கும் தொடக்கூடாது என்று சத்தியம் பண்ணி வைத்திருந்தவன் நான். பசிக்கு அந்தச் சத்தியம் எங்கே தெரிகிறது. ரெமிஜியுஸ் அண்ணன் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு மேசைக்கு மொத்தமாக அறிவித்தார், பயலுக்குக் குடல்னா உசுருபோலுக்கு.

அன்றைக்குப் பிடித்தது சனி. மறு வருடம் எனக்குப் பல் மருத்துவம் படிக்கச் சென்னையில் இடம் கிடைத்துப் போயிருந்தேன், விடுமுறைக்கு வந்தபோது சாமியார் மறுபடியும் அனுப்பினார், கிண்ணம் தயாராக இருந்தது, அதற்கும் மறு வருடம் பெரியவர் இறந்துபோனார், இனி அவருக்குப் பதில் நான்தான் என்று யாரும் சொல்லவில்லை, கிண்ணம் மட்டும் எனக்கு வந்தது. ரெமிஜியுஸ் அண்ணன் சூப்புக்கும் சோற்றுக்கும் நடுவில் அந்த முதல் வருடக் கதையைச் சொல்வார், தவறாமல் சொல்வார், சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது, மூன்று கிண்ணம் ஐந்தாவது வருடத்தில் ஐந்தாயிற்று, நான் டாக்டராகி ஊருக்கே வந்து கிளினிக் வைத்த வருடம் ஏழாயிற்று, போன வருடம் ஒன்பது கிண்ணம், ஒன்பது கிண்ணம் தின்னுட்டுப் பத்தாவதுக்குக் கிண்ணத்தைப் பாக்கான், அப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே என்பார், மேசை சிரிக்கும், நானும் சிரிப்பேன், பல்லைக் காட்டுவது என் தொழிலாயிற்றே. டெல்ஃபின் அவருடைய தங்கை, பெங்களூரிலிருந்து வருவாள், அவளுக்கும் ஒரு சடங்கு உண்டு, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய தொதல் மேசைக்கு வந்ததும், அப்பா இருந்திருந்தா முத துண்டு எனக்குத்தான் தருவாவ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், துடைத்துவிட்டு முதல் துண்டை எடுத்துக்கொள்வாள். பெரியவர் போன பிறகு இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அந்தக் கண்ணீர் துண்டுக்குப் பின்னால் வந்ததில்லை.

இவர்கள் எல்லாருடைய வாயும் எனக்குத் தெரியும், அதைத்தான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ரெமிஜியுஸ் சிரிக்கிற அந்த முன்வரிசை நான் போட்ட பிரிட்ஜ், நடுவில் இருப்பது பல்லே இல்லை, டெல்ஃபின் கறியைக் கடிப்பதற்கு முன்னால் கைக்குட்டைக்குள் மறைத்து எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாளே, அந்தப் பல்செட் நான் செய்தது, ஜோவிட் ஞானப்பல் எடுக்க வந்தபோது ஊசியைப் பார்த்ததும் அம்மா என்று அலறிய அலறல் தெருவுக்கே கேட்டது, அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. என் நாற்காலியில் உட்கார்ந்தால் வாயைத் திறந்துதான் ஆகவேண்டும், பேச முடியாது, விளக்கு நேரே முகத்தில் அடிக்கும், நான் மேலிருந்து பார்ப்பேன், எவ்வளவு பெரிய குடும்பமானாலும் கடைவாயில் அதே சொத்தைதான். ஆனால் டிசம்பர் இருபத்தைந்து வந்துவிட்டால் நான் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்கிறேன், அவர்கள் பார்க்கிறார்கள், நான் முதல் கவளத்தை மெல்லுகிறவரைக்கும் யாரும் தங்கள் தட்டைத் தொடுவதில்லை, எப்பிடி இருக்கு, காரம் போதுமா, இன்னும் கொஞ்சம் ஊத்து, ஜோவிட் செல்போனைத் தூக்கிப் பிடித்து, அங்கிள் இங்க பாருங்க என்பான், குடல் நழுவி நழுவித் தொண்டைக்குள் இறங்கும், பிரமாதம் என்பேன்.

அப்படியானால் ஏன் போகிறாய் என்று கேட்க வீட்டில் எனக்கு யாரும் இல்லை, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, பண்ணியிருந்தால் யாருமில்லாத ஆள் என்ற தகுதி போய் அந்த நாற்காலியும் போயிருக்கும் என்று எனக்குள் ஒரு கேலி உண்டு, கேலிதானா என்று ரொம்பத் தோண்டிப் பார்த்ததில்லை. வேறு அழைப்பே வராதா என்றால் வரும், கிளினிக்கில் கேக் பெட்டிகள் அடுக்கடுக்காக வந்து சேரும், வீட்டுக்கு வாங்க டாக்டர் என்று வாய் நிறையச் சொல்வார்கள், எத்தனை மணிக்கு என்று ஒருவரும் சொல்வதில்லை. மச்சாது வீட்டில் மட்டும் பன்னிரண்டரைக்கு என்று தெரியும், அந்த வாசலில் செருப்பைக் கழற்றினால் உள்ளே எனக்கு ஒரு இடம் இருக்கிறது என்று தெரியும். அந்த இடத்தை நான் வெறுத்தேன், அதைவிட்டால் கிறிஸ்மஸுக்கு எனக்கு வேறு இடம் கிடையாது, இரண்டும் உண்மை. கனவில்கூட வரும், கிளினிக்கில் ஒரு வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே விளக்கைக் காட்டினால் நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் நீலக் கரைக் கிண்ணம் இருக்கும், மூடியைத் திறந்துவிடாதே, திறந்துவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே திறப்பேன், சுற்றி நின்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த வருடம் இதை முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஜெபம் சொல்லச் சொல்வார்கள் அல்லவா, அப்போது எழுந்து நின்று, எனக்குக் குடல் பிடிக்காது, என்றைக்குமே பிடித்ததில்லை, நீங்கள் என்னைக் காட்சிக்கு வைத்துக் கொண்டாடியது போதும், இனி நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியேறுவது, நவம்பர் முழுக்க அதை ஒத்திகை பார்த்தேன், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்திருந்த நோயாளிகளிடமே சொல்லிப் பார்த்தேன், அவர்கள் ஆங் ஆங் என்றார்கள். திருப்தியாக இருந்தது.

இன்று பன்னிரண்டரைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறேன், கையில் கேக் பெட்டி, நெஞ்சில் அந்தப் பேச்சு, போனால் சத்திரத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அறுபது வயதிருக்கும், கறுத்து மெலிந்த உடம்பு, விரல் நுனியெல்லாம் வெளிறிப் பிளந்திருக்கிறது, பார்த்ததும் தெரிந்துவிட்டது, உப்பு வாரிய கை, என் அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும், நாற்காலியின் கைகளில் தன் கையை வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருக்கிறாள். ரெமிஜியுஸ் அண்ணன் என் தோளில் கைபோட்டார், வாங்க டாக்டரே, இவிய பூங்கனி, உப்பளத்துல வேல, வீட்டுக்காரரு இல்ல, மவனும் வந்து பாக்கல, புதுச் சாமியாரு அனுப்பிருக்காரு, நீங்கதான் இப்ப பெரிய டாக்டராயிட்டியள, இன்னும் ஒங்கள அதுல உக்கார வச்சா ஊரு என்ன சொல்லும், அதான் என்று கடகடவென்று சொல்லிவிட்டு, எல ஜோவிட்டு, டாக்டருக்கு ஒரு சேரு போடுல என்றார், ஜோவிட் வாசலுக்குப் போய் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, மேசையின் கடைசியில், குளிர்சாதனப் பெட்டிக்கும் தனக்கும் இடையில் செருகினான். என் பேச்சு நெஞ்சிலேயே செத்துப்போனது, ஜெபம் சொல்ல இனி நான் இல்லையே, கோபித்துக்கொண்டு எழுந்துபோக எனக்கு ஒரு நாற்காலி வேண்டாமா. உட்கார்ந்தேன். ஒரு கால் கட்டையாக இருந்து நாற்காலி ஆடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெண்ணின்மேல் எனக்கு வந்தது சுத்தமான பொறாமை, வீடு வாசல் கிளினிக் எல்லாம் இருக்கிற நாற்பத்தாறு வயது ஆம்பிளைக்கு ஒரு உப்பளத்துக்காரியின்மேல் பொறாமை, எழுந்திரு, அது என் இடம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. இருபத்தெட்டு வருடம் காறித் துப்பிக்கொண்டிருந்த நாற்காலி அது.

பூங்கனி ஜெபம் சொன்னாள், நான் சொல்கிற மாதிரி நீட்டி முழக்கவில்லை, சாமி, இவியள நல்லா வையும், எனக்கும் கஞ்சி குடும், அவ்வளவுதான், ஆமென் சொல்ல வாயைத் தயார்பண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. ரெமிஜியுஸ் அண்ணனுக்கு அது போதவில்லை, ஆனாலும் கதை இருக்கிறதே, சூப்பு முடிந்ததும் தொடங்கிவிட்டார், அந்தா கடசீல இருக்காரே டாக்டரு, அவரும் ஒங்களமாதிரி வந்தவருதான், இதே சேருல உக்காந்து பதினோரு கிண்ணம் கொடல் தின்னாரு என்றார், பூங்கனி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதில் வியப்பு ஒன்றும் இல்லை, பாவம் என்கிற மாதிரி இருந்தது. கிண்ணம் புறப்பட்டது. இந்தத் தடவை என்னிடம் வரவில்லை, நேராக அவளிடம் போயிற்று, ரெமிஜியுஸ் அண்ணன் மூடியைத் திறந்தார், அவர் மனைவி எர்மலின் அக்கா கரண்டியோடு வந்து நின்றார், ஜோவிட் செல்போனைத் தூக்கினான், எல்லாரும் கையை மடக்கிக்கொண்டு பார்த்தார்கள், நானும் பார்த்தேன், மற்றவர்களைவிட ஆவலாக நான்தான் பார்த்தேன், தின்னு, தின்னு பார், அப்போது தெரியும் இந்த நாற்காலியின் சுகம். பூங்கனி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, எனக்குக் கொடல் ஆவாதும்மா, அந்தத் தாராக்கறில ரெண்டு துண்டு வையிங்க என்றாள். அதுக்கென்ன என்றார் எர்மலின் அக்கா, கரண்டியைக் கிண்ணத்துக்குள்ளேயே விட்டுவிட்டு, இடுக்கியால் தாராவின் நெஞ்சுக்கறியில் இரண்டு துண்டு எடுத்து அவள் தட்டில் வைத்தார், அவள் தின்ன ஆரம்பித்தாள். முடிந்தது. கூரை இடிந்து விழவில்லை, யாருக்கும் முகம் சுருங்கவில்லை, ஜோவிட் மட்டும் செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

நான் அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன், இவ்வளவுதானா, ஒரு வாக்கியம், நவம்பர் முழுக்க ஒத்திகை பார்த்த என் பேச்சில் காட்சி, கொண்டாட்டம், மானம் என்று என்னென்னவோ இருந்தது, அவளுக்கு ஆவாது என்ற ஒரே சொல் போதுமாயிருந்தது. அதற்குள் கிண்ணம் என்னை நோக்கிப் புறப்பட்டுவிட்டது, டெல்ஃபின் மூச்சைப் பிடித்தாள், ஜோவிட் முகத்தைத் திருப்பினான், எங்க போயிரப்போவுது, உரியவர்ட்ட வந்துட்டுல்லா என்று ரெமிஜியுஸ் அண்ணன் அந்தக் கோடியிலிருந்து சிரித்தார், நான் எழுந்து நின்றேன், எழுந்து நிற்க வேண்டிய தேவையே இல்லை, எனக்கும் ஆகாது என்றேன். என்னது ஆவாது என்றார் அவர். குடல், எனக்குக் குடல் ஆகாது, என்றைக்குமே ஆகாது என்றேன், அவர் உடனே தொடையில் தட்டிச் சிரித்தார், பதினோரு கிண்ணம் தின்ன ஆளு பேசுத பேச்சப் பாரு என்றார். மூணு, அன்னைக்கு நான் தின்னது மூணு கிண்ணம், முந்துன நாள்லேர்ந்து பட்டினி, தாரா எட்டல, இது எட்டிச்சு, அவ்வளவுதான் என்றேன். சிரிப்பு நின்றது. டெல்ஃபின் வாயில் பல்செட் இல்லாததால் கொழகொழவென்று, இத்தன வருசம் திங்கும்போது தெரியலியோ, பெரிய டாக்டரானதும் நன்றி மறந்துபோச்சு என்றாள், விட்டேனா பார் என்று எனக்கும் வாய்க்கு வந்தது, ஒங்களுக்கெல்லாம் தாரா, கோழி, எனக்கு மட்டும் தனிக் கிண்ணத்துல குடல், இதுக்கு நன்றி வேறயா என்று கேட்டுவிட்டேன். பூங்கனி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். எர்மலின் அக்கா என் முன்னாலிருந்த கிண்ணத்தை எடுத்தார், மூடியைப் போட்டார், அடுப்படிக்குள் போய்விட்டார்.

வாசல் பக்கம் போயிருக்க வேண்டும் நான், திட்டமும் அதுதான், கால் என்னவோ அடுப்படிப் பக்கம் போயிற்று. அக்கா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருடம்தான் நானும் முதன்முதலாக வந்தேன், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஆளுக்கு ஆள் பரிமாறிய புதுப்பெண், அதற்குப் பிறகு இத்தனை வருடமும் கரண்டியோடு நின்ற ஒரு கைதான் எனக்கு நினைவில் இருக்கிறது, அவர் வாயை மட்டும் நான் பார்த்ததே இல்லை, கிளினிக்குக்கும் வந்ததில்லை, இந்த மேசையில் உட்கார்ந்தும் பார்த்ததில்லை, நான் என் தட்டை வெறுப்பதிலேயே குறியாக இருந்துவிட்டேன். அடுப்படியில் மேடைமேல் ஒரு தட்டு இருந்தது, வெறும் சோறு, பக்கத்தில் சின்னச் சட்டியில் சாளை மீன் குழம்பு, நேற்றையது, மேலே எண்ணெய் படிந்து கட்டியிருந்தது. அக்கா நின்றபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நீங்க தாரா சாப்பிடலையா என்று கேட்டேன், வந்த காரியத்தை விட்டுவிட்டு அதைத்தான் கேட்கத் தோன்றியது. கொடல் கழுவுன கைக்கு அன்னைக்குக் கறி எறங்காது என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னார். வேலைக்கு வர்றவ பண்டியலுக்கு ஊருக்குப் போயிருவா, காலப் பூசை முடிஞ்சி வந்து சேலைய மாத்திட்டு நாந்தான் உக்காருவேன், சுண்ணாம்பு தடவி, சுடுதண்ணி ஊத்தி, குச்சி விட்டு உள்பக்கத்த வெளிய பொரட்டி, மஞ்சப்பொடி போட்டு ஏழு தண்ணி கழுவணும், மூணு நாளைக்குக் கைல வாடை போவாது, மாமா இருக்கும்போது அவியளுக்காவச் செஞ்சேன், அவிய போன பெறகு இந்த வீட்ல அதத் தொட ஆளு கெடையாது, வாடை பட்டா இவிய எந்திச்சே போயிருவாவ, அதான் தனிக் கிண்ணம், அதான் மூடி. கையை நிறுத்தினார். ஒங்களுக்குப் புடிக்கும்னுதான.

நான் தின்றபோதெல்லாம் என்னை வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்தேன், இவர் பார்த்தது உப்பு சரியாக இருக்கிறதா என்று, அவ்வளவுதான். இத்தனை வருசமுமா என்று கேட்டேன். இத்தன வருசமுந்தான் என்றார், பிறகு சட்டென்று தலையைத் தூக்கினார், கண்ணில் அழுகையெல்லாம் இல்லை, சுள்ளென்று கோபம், ஏன், வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த, அந்தப் பொம்பள வந்து அரமணி நேரத்துல சொல்லிட்டா, படிச்ச ஆளு நீ, ஊருல இருக்கவன் வாயெல்லாம் தொறக்கச் சொல்லுத, ஒன் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருந்தா நானும் மனுசியா மேசைல உக்காந்து பண்டியல் சோறு தின்னுருப்பேன்லா, பிரமாதம் பிரமாதம்னு சொன்னியே, எவன் கேட்டான் ஒன் பிரமாதத்த என்று பொரிந்து தள்ளினார். என்னை அந்த வீட்டில் யாரும் அப்படித் திட்டியதில்லை, அந்த வீட்டில் என்ன, அம்மா செத்த பிறகு எங்குமே யாரும் அப்படித் திட்டியதில்லை, விருந்தாளியை யார் திட்டுவார்கள். இவர்களை இளக்காரமாகப் பார்த்துப் பார்த்தே நான் வளர்த்த அந்தப் பெரிய மானம், அதற்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது இந்த மனுஷியின் பட்டினி, எனக்கு என்னைப் பார்த்தே காறித் துப்பத் தோன்றியது. மன்னிச்சிருங்கக்கா என்றேன், அது சிறிதாகத்தான் இருந்தது, எனக்கும் இதிலேயே ஒரு வாய் போடுங்க, நானும் உங்ககூடச் சாப்பிடுறேன் என்றேன், கண் கலங்கிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன். அக்கா சாளைச் சட்டியைக் கையால் மறைத்துக்கொண்டார். இது ஒரு ஆளுக்குத்தான் காணும், போ, போய் தாராக்கறியத் தின்னு, அடுத்த வருசம் கால் துண்டு எனக்கு வேணும், இப்பவே சொல்லிட்டேன் என்றார்.

திரும்பி வந்து பச்சை நாற்காலியில் உட்கார்ந்தேன். டெல்ஃபின் என்னைப் பார்க்காமல் தொதலுக்காகக் காத்திருந்தாள், ரெமிஜியுஸ் அண்ணன் ஒரு பெரிய துண்டாகத் தாராவை எடுத்து, எழுந்து இந்தக் கோடிவரைக்கும் வந்து, என் தட்டில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார், அவருக்கு முகம் தொங்கிக் கிடந்தது, ஒரு நல்ல கதை போய்விட்டதே. கடித்தேன். இருபத்தெட்டு வருடம் எட்டாத தூரத்திலிருந்து நான் ஏங்கிய தாரா, தோல் மட்டும் வறுத்திருந்தது, உள்ளே வேகவே இல்லை, ரப்பர், இழுத்தால் என்னையும் சேர்த்து இழுத்தது, உப்பும் உள்ளே இறங்கவில்லை, இதைத்தான் வருடாவருடம் கண்ணை மூடிக்கொண்டு ஆகா ஆகா என்று தின்றிருக்கிறார்கள், ஒரு நாக்குக்கும் ருசி தெரியாத குடும்பம். அக்கா, தாரா வேகல என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினேன், அந்த வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. வேவலன்னா அடுத்த வருசம் நீ வெள்ளனயே வந்து நின்னு வேவ வையி என்று உள்ளேயிருந்து பதில் வந்தது, வாயில் சோற்றோடு. பூங்கனி இரண்டாவது எலும்பை எடுத்தாள், ஜோவிட் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான், ரெமிஜியுஸ் அண்ணன் நெய்ச்சோற்றில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தார், தொதல் வந்துவிட்டது, டெல்ஃபின் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தேன், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.